உலோகமாரி பொழிவித்த ஷோப்

உலகினர்க்குப் பயன்தரும் புதுமைகளைக் கண்டளித்த பெரியோர் இருவகையினர். ஒரு சாராரின் பெயர் பள்ளிச் சிறுவர் நாவிலும் பயில்வது. நீராவி இயந்திரம் என்றதும் வாற்று நினைவிற்கு வருகின்றார். மின்விளக்கு என்றதும் எடிசன் முன்னிற்கின்றார். மற்றைச் சாராரின் செய்கை நம் இல்லந்தோறும் வந்து பயன் விளைத்துக்கொண்டிருப்பினும், அவர் பெயரை நாம் அறிவதில்லை. பின்னவருள் ஒருவரே மக்ஸ் உல்றிச் ஷோப் என்னும் சுவிற்சர்லாந்து தேயத்து அறிஞர். ஆயினும் தொழிற்கூடங்களிலே அவர் பெயர் மங்கிற்றில்லை. ஒருவர் பெயர் பெயராகவே நிலைத்தல் அரிது; அது வினைச்சொல்லாக மாறுதல் அதனினும் அரிது. ஜேர்மானியத் தொழிலாளர் ஓர் இரும்புப் பொருளின்மீது உருகிய உலோகத்தைத் தூவிப் படியச் செய்தலை ஷோப்பீரன் என்றனர். பிரெஞ்சுக்காரர் அத்தொழிலுக்கு ஷோப்பாஜ் எனப் பெயரிட்டனர். இவ்வாறு தம் பெயரை இரு மொழிகளின் தொழிற் சொல்லாக்கிச் சென்ற அப்பெரியாரின் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

அவர் செய்த தொண்டின் அருமையை உணர்தற்கு முன், அவர் தீர்க்க முயன்ற இடர் யாதென அறிதல் வேண்டும். இரும்பின்றி இக்கால நாகரிகம் இல்லை. அவ்விரும்புக்கோ கறள் என்னும் தீராப்பிணி ஒன்றுண்டு. கடல் சூழ்ந்த நாட்டில் வாழும் நமக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்புக் காற்றிலே சாளரக் கம்பியும், படலைக் கொளுவியும், கிணற்றுக் கப்பியும் சில ஆண்டுகளில் உதிர்வதை நாம் நாளும் காண்கின்றோம். வாளிக்கு நேர்வதே பாலத்துக்கும் கப்பலுக்கும் நேர்கின்றது, அளவுதான் வேறு.

இப்பிணிக்கு முன்னோர் கண்ட மருந்துகள் சில. எண்ணெய்ச் சாயம் பூசுதல் ஒன்று. தகட்டை உருகிய வெள்ளீயத்தில் தோய்த்தல் மற்றொன்று. 1837ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துச் சொரெல் என்பார், உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். நம் கூரைத் தகடுகள் அம்முறையின் வழிவந்தவை. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எல்கிங்ரன் குடும்பத்தினர் மின்னோட்டத்தாற் பொன்னும் வெள்ளியும் முலாமிடும் முறையைத் தொழிலாக்கினர். இவை யாவும் நல்ல முறைகளே. ஆயின் தோய்த்தல் முறைகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்றுண்டு: பொருளைத் தொட்டியிடம் கொண்டுசெல்லல் வேண்டும். வாளியைத் தொட்டியில் தோய்க்கலாம். ஆற்றின் குறுக்கே நிற்கும் பாலத்தைத் தோய்ப்பதெவ்வாறு? மரத்தையும் தாளையும் கொதிக்கும் நாகத்தில் இடுவதெவ்வாறு? தொட்டியிடம் பொருள் செல்லாவிடின், பொருளிடம் தொட்டியைக் கொண்டுசெல்ல இயலுமோ? இவ்வினாவிற்கு விடை கண்டவரே ஷோப்.

அவர் 1870ஆம் ஆண்டிற் பிறந்தார். அக்காலத்துச் சுவிற்சர்லாந்து, நிலக்கரி வளமின்றியும் மலையருவிகளின் ஆற்றலால் உயரத் தொடங்கிய நாடு. வீழ்நீரிலிருந்து மின்சாரமும், மின்சாரத்திலிருந்து புதிய இரசாயனத் தொழில்களும் அங்கே தோன்றின. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஏரூவும் ஒருவரையொருவர் அறியாமலே அலுமினியத்தை மின்னாற் பிரிக்கும் வழியைக் கண்டனர். இரண்டே ஆண்டுகளில் ரைன் நதி வீழ்ச்சியை அடுத்த நொயிகவுசனில் அலுமினியத் தொழில் வேர்கொண்டது. ஷோப் இளமைப் பருவத்தைக் கழித்தது இத்தகைய சூழலிலாகும். மின்னிரசாயனத் துறையில் ஈடுபட்ட அவர், முதலில் மின்சாரத்தைச் சேமிக்கும் ஈயக் கலங்களின் ஆய்விலே உழைத்தார். ஈயத்தோடு அவருக்கு நேர்ந்த இத்தொடர்பைப் படிப்போர் நினைவிற் கொள்வாராக. பின்னர் அலுமினியத்தின்பால் அவர் கருத்துச் சென்றது. காற்றுப்பட்ட அளவில் தன்மேல் ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்துக்கொள்வது அலுமினியம். அதனால் இரு துண்டுகளை உருக்கி ஒன்றாக்குதல் எளிதன்று. அப்படலத்தைக் கரைக்கும் இளக்கிகளைக் கொண்டு அதனை இணைக்கும் முறைகளை ஆராய்ந்தவருள் அவரும் ஒருவர். பாரிசு நகரை அடுத்து அவர் ஆய்வுகூடம் ஒன்று நடத்திய காலமும் உண்டு.

அக்காலம் அவருக்கு வாய்ப்பான காலமாய் அமைந்தது. 1892ஆம் ஆண்டில் கல்சியம் காபைட்டு ஆக்கும் வழி அறியப்பட்டதனால் அசற்றிலீன் வாயு மலிந்தது. காற்றைத் திரவமாக்கி ஒட்சிசனைப் பிரிக்கும் வித்தையை ஜேர்மனியில் லிண்டே என்பார் தொழிலாக்கினார். 1903ஆம் ஆண்டளவில் இவ்விரு வாயுவையும் ஒருங்கே எரிக்கும் சுடர்க்கருவி பிரான்சில் உருவாயிற்று. ஏறத்தாழ 3,000 பாகைச் சதமளவை வெப்பமுடைய சுடர், கைக்கடக்கமான கருவியொன்றின் நுனியிலே முதன்முறையாக மனிதன் வயப்பட்டது. இச்சுடர் இல்லாதிருப்பின் ஷோப்பின் எண்ணம் எண்ணமாகவே ஒழிந்திருக்கும்.

எண்ணம் உதித்த வகையைப் பற்றிக் கதையொன்று வழங்குகின்றது. சிறுவர் சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஈயக்குண்டுகளைச் சுவரொன்றை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தனராம். குண்டுகள் சுவரிற் பட்டுத் தெறித்து வீழவில்லை; தட்டையாகி அங்கேயே ஒட்டிக்கொண்டன. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த குண்டுகள் ஓர் ஈயப்படலமாயின. அதைக் கண்ட ஷோப், குண்டைத் துகளாக்கி, துகளைக் கோடிக்கணக்கிற் பெருக்கி எறிந்தால் எப்பொருளின்மேலும் உலோகத் தோலொன்றைப் போர்த்தலாமே என்று எண்ணினார் என்பர். இக்கதையைச் சொல்வோர் பலவாறு சொல்வர். அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையோ என வழக்காடுதல் வேண்டாம். குழந்தைகள் ஈயக்குண்டு எறிந்து விளையாடியதை அவருக்கு முன் எத்தனையோ ஆயிரவர் கண்டிருப்பர். அவர்கள் கண்டது சுவர் கெட்டதை. இவர் கண்டது சுவர் உடுத்ததை. பல்லாண்டு ஈயத்தோடு பழகிய கண்ணுக்கே அவ்வேறுபாடு புலனாயிற்று.

ஷோப்பிற்கு முன்னர் இவ்வழியில் எவருமே செல்லவில்லை எனல் பொருந்தாது. அமெரிக்கரான தேஸ்ரன் என்பார், உலோகத்தூளை வாயுவின் வேகத்தால் உலோகத் தகட்டின்மேல் மோதவிட்டுப் பதிக்கும் முறையொன்றுக்கு 1902ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அவர் வெப்பத்தை நாடாது வேகத்தையே நம்பினார். அன்றைய கருவிகள் அவ்வேகத்தைத் தரவில்லை. ஆதலின் அம்முறை ஏட்டளவில் நின்றது. ஷோப் வேகத்தோடு வெப்பத்தையும் துணைக்கொண்டார். அதுவே அவர் வெற்றிக்கு வழியாயிற்று.

முதலில் அவர் அமைத்த கருவி பெரியது. கலமொன்றில் உலோகத்தை உருக்கி, சூடாக்கிய வாயுவை மிக்க அமுக்கத்தோடு செலுத்தி, நுண்துளை வழியே உலோகத்தைச் சிதறச் செய்தார். படலம் உண்டாயிற்று, ஆயினும் அக்கருவியை நினைத்த இடத்துக்கு எடுத்துச்செல்லல் இயலவில்லை. பொருளிடம் செல்லவேண்டிய தொட்டி, தானே அசையாப் பொருளாய்விட்டது. எனவே அவர் அதனைக் கைவிட்டு, உலோகத்தூளைச் சுடரினூடே ஊதும் வழியை நாடினார். அதில் நாகம் போன்ற எளிதில் உருகும் உலோகங்கள் ஒருவாறு வசப்பட்டன. ஆயினும் தூள் சீராகப் பாயாமை பெருந்தொல்லையாயிற்று. 1909, 1910ஆம் ஆண்டுகளை ஒட்டி அவர் ஆக்கவுரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1912ஆம் ஆண்டளவில் அவர் முயற்சி முற்றுப்பெற்றது. கலத்தையும் தூளையும் விடுத்துக் கம்பியைக் கையிலெடுத்தார். அன்று பிறந்ததே உலோகம் தூவும் கைத்துப்பாக்கி.

அதன் அமைப்பு எளிது. கருவியின் பின்புறத்தால் உலோகக் கம்பி ஒன்று உட்செல்கின்றது. அமுக்கப்பட்ட காற்றாற் சுழலும் சிறு சில்லொன்று அக்கம்பியை ஒரே சீராக முன்னே தள்ளுகின்றது. துப்பாக்கியின் வாயிலே ஒட்சிசனும் எரிவாயுவும் சேர்ந்தெரியும் சுடர், கம்பியின் நுனியை உருக்குகின்றது. உருகிய நுனி துளித்து விழுமுன், சுடரைச் சுற்றிப் பாயும் காற்று அதனைத் தூளாக்கி இலக்கை நோக்கி எறிகின்றது. கம்பி உருகும் வேகமும் அது முன்னேறும் வேகமும் ஒத்திருக்குமாறு அமைத்தலே இதன் நுட்பம். கம்பி விரைந்தால் உருகாத துண்டு தெறிக்கும். தாழ்ந்தால் சுடர் கருவியின் வாயையே உண்ணும். 419 பாகையில் உருகும் நாகமாயினும், 660 பாகையில் உருகும் அலுமினியமாயினும், 1,085 பாகையில் உருகும் செம்பாயினும், உருக்கேயாயினும், கம்பியாக இழுக்கத்தக்கதெல்லாம் இக்கருவிக்கு உணவாகும். இரு கம்பிகளை மின்னோட்டத்தோடு தொடுத்து, அவற்றின் நுனிகளுக்கிடையே மின்வில்லை மூட்டி, அவ்வில்லின் வெப்பத்தால் உருக்கும் வேறு முறையையும் அவரே வகுத்தார்.

துப்பாக்கியை விட்டுப் புறப்பட்ட துளியின் வாழ்வு மிகச் சுருங்கியது. ஒரு செக்கனில் நூறு மீற்றரோ அதற்கு மேலோ செல்லும் வேகத்தில் அது இலக்கை அடைகின்றது. பட்டவுடன் அப்பம்போற் பரந்து தட்டையாகின்றது. செக்கனில் ஆயிரத்தொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இறுகுகின்றது. அடுத்த துளி அதன்மேல் விழுகின்றது. இவ்வாறு ஓலைமேல் ஓலை வேய்ந்த கூரைபோலப் படலம் அமைகின்றது. துளி ஒவ்வொன்றும் மிகச் சிறிதாதலால் அது கொணரும் வெப்பமும் சிறிது. ஆதலின் துப்பாக்கியை ஓரிடத்தில் நிறுத்தாது அசைத்துக்கொண்டிருப்பின், பூசப்படும் பொருள் கையாற் பொறுக்கத்தக்க சூட்டிலேயே இருத்தல் கூடும். மரத்தின்மேலும் தாளின்மேலும் துணியின்மேலும் ஷோப் உலோகத்தைப் போர்த்திக் காட்டினார். உருகிய உலோகம் தாளைக் கருக்காது படிவதைக் கண்டோர் வியந்தனர்.

வியப்பைத் தொடர்ந்து ஐயமும் எழுந்தது. இப்படலம் நிலைக்குமா என்பதே அவ்வையம். அவர் முறையின் உயிர்நிலை இவ்வினாவிலேயே இருந்தது. விரைந்துவரும் துளியின் மோதல் வெப்பமாக மாறிப் படலத்தையும் பொருளையும் உருக்கி ஒன்றாக்கும் எனத் தொடக்கத்திற் கருதியோர் உண்டு. நம் மாணவர் எளிதிற் கணித்துப் பார்க்கலாம். செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் வரும் ஒரு கிலோகிராம் நாகத்தின் இயக்கசக்தி 5,000 யூல். அது முழுவதும் வெப்பமாயினும் அந்நாகத்தின் வெப்பநிலையை ஏறத்தாழ 13 பாகையே உயர்த்தும். இரும்பை உருக்க இது எவ்வாற்றானும் போதாது. ஆகவே படலம் பொருளோடு உருகிக் கலப்பதில்லை. பொருளின் மேடுபள்ளங்களைக் கவ்விப் பிடித்தே நிற்கின்றது. கைப்பிடி இல்லாத சுவரில் ஏறுவான் வழுக்கி வீழ்தல்போல, வழவழப்பான இரும்பின்மேல் தூவிய படலம் குளிர்ந்து சுருங்குங்கால் தோலாக உரிந்துவிடும்.

இதற்கு மருந்து கருவியில் இல்லை. கருவியை இயக்குவதற்கு முன் செய்யும் பணியில் உண்டு. கூரிய மணலையோ உருக்கு மணிகளையோ காற்றின் வேகத்தால் இரும்பின்மேல் எறிந்து, பழைய கறளையும் எண்ணெய்ப் பசையையும் அகற்றி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கல் வேண்டும். அவ்வாறு துப்புரவாக்கிய இரும்பைச் சில மணி நேரத்துக்குள், புதுக்கறள் அரும்புமுன், பூசிவிடல் வேண்டும். இது புழுதி நிறைந்த, பொருட்செலவு மிக்க, புகழ் தராத வேலை. இதனைச் சுருக்க முயன்றோர் பூசிய படலங்கள் உரிந்தன. பழியோ முறையின்மேற் சுமந்தது. ஒரு நல்ல முறை, அதனை அரைகுறையாகக் கையாள்வோரால் அடையும் இழுக்கு, பகைவராலும் அடைவதன்று. கண்ணுக்குத் தெரியும் பூச்சு, கண்ணுக்குத் தெரியாத துப்புரவின்மேலேயே நிற்கின்றது என்பதைத் தொழிலுலகம் மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது.

மற்றுமொரு குற்றச்சாட்டும் எழுந்தது. துளித்துளியாகப் படிந்த படலத்தில் நுண்துளைகள் உளவே. அவற்றினூடே நீர் புகாதோ என வினாவினர். புகும் என்பதே உண்மை. ஆயினும் அதற்கு இயற்கையே காவல் வைத்துள்ளது. நாகமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்பின், நாகம் தான் அரிப்புண்டு இரும்பைக் காக்கும். 1824ஆம் ஆண்டிலே சேர் ஹம்பிரி டேவி, கப்பல்களின் செப்புத்தகடுகளை இவ்விதியினாற் காக்கலாம் என்று காட்டியிருந்தார். எனவே நாகப்படலம் வெறும் போர்வையன்று. தன்னைத் தந்து பிறரைக் காக்கும் தோழன் போன்றது. மேலும் அதன் அரிப்பினால் விளையும் பொருளே நாளடைவில் துளைகளை அடைத்துவிடுகின்றது. தேய்ந்த இயந்திரத் தண்டுகளின்மேல் உருக்கைத் தூவிக் கடைந்து சீராக்கியபோது, அந்நுண்துளைகளே எண்ணெயைப் பற்றி வைத்துத் தண்டு தேயாது சுழல உதவின. குற்றமெனக் கூறப்பட்டது சிற்சில இடங்களிற் குணமாயிற்று.

ஷோப் தம் முறையை எழுத்திலும் பரப்பினார். 1917ஆம் ஆண்டில் ஹான்ஸ் குந்தர் என்பாரோடு சேர்ந்து அவர் எழுதிய உலோகத் தூவல் நூல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. 1922ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டட்லி நகரில் இத்தொழிலுக்கென்றே நிறுவனமொன்று தோன்றியது. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அக்ஸ்லைன் என்பார் மெற்கோ நிறுவனத்தைத் தொடங்கிக் கருவியைத் திருத்தியமைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் புதிய உறுப்புகள் கிடையாத நிலையிலே, தேய்ந்த தண்டுகளையும் அச்சுகளையும் மீண்டும் பயன்படுத்த இம்முறை பெரிதும் உதவிற்று.

ஆயினும் அவரது முறை கறளை வெல்லும் காலஅளவு யாது என்னும் வினாவிற்குக் காலமே விடையளித்தல் வேண்டும். அமெரிக்காவின் வெல்டிங் சங்கத்தார் 1953ஆம் ஆண்டில் நெடுஞ்சோதனை ஒன்றைத் தொடங்கினர். நாகமும் அலுமினியமும் தூவிய உருக்குத் தகடுகளைக் கடல்நீரிலும் கடற்காற்றிலும் தொழிற்சாலைப் புகையிலும் வைத்துக் காத்திருந்தனர். மூன்றாண்டு கழிந்து, 1956ஆம் ஆண்டில், ஷோப் சூரிச்சு நகரிலே தமது எண்பத்தாறாம் வயதை ஒட்டிக் காலமானார். சோதனையோ தொடர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகளின் முடிவுகளைத் தொகுத்த அறிக்கை 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கை ஒத்த தடிப்புடைய அலுமினியப் படலம், அத்தனை ஆண்டும் கடலிற் கிடந்த உருக்கைக் கறள் அணுகாது காத்திருந்தது. தம் வாழ்நாட் பணிக்குக் கிடைத்த இத்தீர்ப்பைக் கேட்க அவர் இருந்தாரல்லர்.

அதற்கு முன்னரே பாலங்கள் சான்று பகரத் தொடங்கின. 1964ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில் திறக்கப்பட்ட போர்த் வீதிப்பாலம் 1,006 மீற்றர் நடுவீச்சுடையது. அதன் உருக்குப் பகுதிகள் துப்புரவாக்கப்பட்டு, நாகம் தூவப்பெற்று, அதன்மேற் சாயம் பூசப்பெற்றன. பொருளிடம் செல்லும் தொட்டி என்னும் கனவு அங்கே நனவாயிற்று.

அவர் நட்ட விதை பல கிளைகளை விட்டது. அவர் மறைந்த காலத்தை ஒட்டி, வாயுக் கலவையைக் குழலொன்றில் வெடிக்கச் செய்து அவ்வெடியின் வேகத்தால் கடினத் தூளைப் பதிக்கும் வெடித்துப்பாக்கி அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது. பின்னர் 10,000 பாகைக்கு மேற்பட்ட பிளாஸ்மாச் சுடர் வந்தது. அதில் உருகாத பொருள் இல்லை. மட்பாண்டத்தை ஒத்த சேர்க்கோனியாவும் உருகித் தூவப்படலாயிற்று. எக்ஸ்-15 என்னும் ஆய்வு விமானத்தின் உந்துகல அறையை வெப்பத்தினின்று காத்தது சுடராற் தூவிய சேர்க்கோனியாப் படலமே. இன்று நாம் ஏறிச்செல்லும் விமானங்களின் எந்திர அலகுகள் அத்தகைய படலத்தை அணிந்தே எரிவாயுவின் நடுவிற் சுழல்கின்றன. முடமானோர்க்குப் பொருத்தும் செயற்கை இடுப்பு மூட்டிலும், என்பு பற்றி வளரும்பொருட்டு இவ்வாறே படலம் தூவப்படுகின்றது.

இவ்வரலாற்றில் விந்தையான திருப்பமொன்றுண்டு. 1980களில் நொவோசிபிர்ஸ்க் நகரிலே, ஒலியினும் விரைந்த காற்றோட்டத்தை ஆராய்ந்த இரசிய அறிஞர், காற்றிற் கலந்துவிட்ட உலோகத்தூள் உருகாமலே எதிரேயிருந்த பொருளிற் படிந்ததைக் கண்டனர். குளிர்தூவல் என்னும் புதுமுறை அதனின்றும் பிறந்தது. சிறுவரின் ஈயக்குண்டு சுவரில் ஒட்டியது உருகியதனாலன்று. வேகத்தினால் நெளிந்து பரந்ததனாலன்றோ? தேஸ்ரன் கருதி முடிக்க இயலாததும், ஷோப் கண்டு வெப்பத்தின் வழியே திருப்பியதும், ஏறத்தாழ எண்பதாண்டு கழிந்து தன் முதல்வடிவிலேயே மீண்டும் தோன்றிற்று.

நம் இல்லங்களிலும் அவர் இருக்கின்றார். கூரையிற் சுழலும் மின்விசிறியினுள்ளே கொண்டென்சர் என வழங்கும் சிற்றுறுப்பு ஒன்றுண்டு. மெல்லிய பிளாஸ்ரிக்குச் சுருள்களின்மேல் அதனினும் மெல்லிய உலோகம் படிந்த அமைப்பு அது. அச்சுருளின் இரு ஓரங்களிலும் கம்பியைத் தொடுக்க, சுருளைச் சுடாது உலோகத்தைப் படியவைக்கும் வழி வேண்டும். தாளைக் கருக்காது அதன்மேல் உலோகம் பொழிந்த ஷோப்பின் முறையே இன்றும் அங்கே கையாளப்படுகின்றது. அத்தொழிலாளர் அதனை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

ஷோப்பின் வாழ்விலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்கன பல. அவற்றுள் இரண்டைக் கூறி அமைவோம். காட்சி எல்லோர்க்கும் பொது. கருத்து உழைத்தவர்க்கே உரியது. ஈயத்தோடு உழைத்த ஆண்டுகள் இன்றேல் ஈயக்குண்டு அவருக்கு ஒன்றும் உரைத்திராது. இரண்டாவது, பூச்சினும் பெரிது துப்புரவு. மேலே மின்னும் படலத்தை உலகம் புகழும். அதனைத் தாங்கி நிற்பதோ, எவரும் காணாத வேளையிற் கறள் நீக்கிப் பதப்படுத்திய அடித்தளம். கல்விக்கும் ஒழுக்கத்துக்கும் இது பொருந்தும். தேர்விற் பெறும் சிறப்பும் பட்டமும் பதவியும் மேலே தூவப்படுவன. அவை உரியாது நிலைப்பதும் நிலையாததும், இளமையில் இக்கல்லூரி போன்ற நிலையங்களில் உள்ளம் எவ்வாறு பண்படுத்தப்பட்டது என்பதையே பொறுத்துளது. விழாக் கொண்டாடும் இவ்வேளையில், அப்பணியை ஆரவாரமின்றி ஆற்றிச் சென்ற ஆசிரியப் பெருமக்களையும் நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.